கிரேடு 1 என்று வாங்கிய பேட் ஏன் செத்த கட்டையாக இருக்கிறது? வில்லோ மரம் பற்றித் தெரிந்தவர்கள் வரவும்

ராகவன்_கோவை:
எல்லாருக்கும் வணக்கம். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாது என்று எனக்கே தெரியும். இரண்டு மாதம் முன்னால் 22,500 ரூபாய் கொடுத்து ஓர் இங்கிலீஷ் வில்லோ பேட் வாங்கினேன். வீட்டில் சொன்ன விலை வேறு, அதை இங்கே எழுத வேண்டாம். கடைக்காரர் உறையிலிருந்து எடுத்து, குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார். முகத்தில் ஒன்பது கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இறங்குகிறது. கறை இல்லை, புள்ளி இல்லை, பால் நிறம். பின்பக்கச் சீட்டில் கிரேடு 1.

எங்கள் அணி ஓப்பனரும் அதே வாரம் ஒன்று வாங்கினான். என் விலையில் பாதிகூட இல்லை. கிரேடு 3. ஒரு பக்க விளிம்பு முழுக்கச் செம்பழுப்பு, நடுவில் டீ சிந்தின மாதிரி ஒரு கறை. இவன் சும்மா தடுத்து ஆடினாலே பந்து மிட் ஆஃபைத் தாண்டிப் போகிறது. நான் முழு வேகத்தில் டிரைவ் பண்ணினால் மிட் ஆஃப்காரர் நிதானமாகக் குனிந்து எடுத்து, துடைத்து, பௌலரிடம் கொடுக்கிறார். நான் நாலாவது டிவிஷனில் ஆடுகிற ஆள், என் டைமிங் லட்சணம் எனக்குத் தெரியும். ஆனால் அவன் பேட்டை வாங்கி நான் அடித்தாலும் பறக்கிறதே!

என்னை ஏமாற்றிவிட்டார்களா? இல்லை, இந்த கிரேடு என்பது நான் நினைத்த விஷயமே இல்லையா?

மூன்றாம்ஸ்லிப்:
ஒன்பது கிரெயின், அதாவது கோடு, நேராக இருந்தால் அது கண்டிப்பாக கிரேடு 1 தான், ஏமாற்று இல்லை. கிரெயின் எண்ணிக்கை ஏற ஏற பேட் நல்லது. ஆறுக்குக் கீழே என்றால் தொடவே கூடாது. உங்கள் நண்பர் பேட்டில் எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள். ஒருவேளை கடைக்காரர் சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்.

டென்னிஸ்பால்_முத்து:
நாங்கள் எல்லாம் தென்னை மட்டையைச் சீவி ஆடி வந்தவர்கள். அதில் கோடே கிடையாது, ஆனால் கிணற்றடி வரைக்கும் போகும். சரி, தெரிந்தவர்கள் பேசுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

பேட்டாஸ்பத்திரி:
தம்பி ராகவன், சென்னையில் இருபத்திரண்டு வருடமாக பேட் ரிப்பேர் பண்ணுகிறேன். ஹேண்டில் மாற்றுவது, டோ என்கிற அடிமுனையை ஒட்டுவது, வெடித்ததைப் பசை விட்டுக் கட்டுவது, இதுதான் சோறு. உங்களுக்கு நேரடி பதில்: கிரேடு என்பது மரத்தின் அழகுக்குக் கொடுக்கிற மார்க். அடிக்குக் கொடுக்கிற மார்க் இல்லை.

கிளெஃப்ட் என்பார்கள், அதாவது பேட் ஆவதற்கு முந்தின மரத்துண்டு. அது காய்ந்த பிறகு ஒருவர் கையில் எடுத்து, முன்னே பின்னே திருப்பி, கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கிறார். பந்து போட்டுப் பார்த்து யாரும் பிரிப்பதில்லை. கிளெஃப்ட் நிலையில் அதைச் செய்யவும் முடியாது, பச்சையாகச் சொன்னால் அது அந்த நேரத்தில் வெறும் மெத்தென்ற விறகு.

மேலோட்டமாகச் சொன்னால் இப்படி. கிரேடு 1 என்றால் அடிக்கிற முகம் சுத்தமாக இருக்க வேண்டும், குறைந்தது ஆறு கோடு, நேராக. விளிம்பில் கொஞ்சம் சிவப்பு இருக்கலாம், முதுகில் ஒரு சின்னப் புள்ளி இருந்தாலும் மன்னிப்பு. கிரேடு 2 என்றால் சிவப்பு இன்னும் கொஞ்சம் அகலம், முகத்தில் ஊசிமுனைக் கணுவோ புள்ளியோ ஒன்றிரண்டு. கிரேடு 3-ல் கோடு ஐந்தாக இருக்கலாம், கொஞ்சம் சாய்ந்து போகலாம், நிறம் பரவியிருக்கும், பட்டாம்பூச்சி மாதிரி சிறகு விரித்த கறை இருக்கும். உங்கள் நண்பர் பேட்டில் டீ சிந்தின மாதிரி என்றீர்களே, அது அதுதான். கிரேடு 4 என்றால் எல்லாக் கல்யாண குணங்களும் உண்டு, பெரும்பாலும் அதை வெளுத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, முழுக்க ஸ்டிக்கர் போர்த்தி விற்பார்கள். ஒன்றுக்கு மேலே ‘பிளஸ்’, ‘பிளேயர் எடிஷன்’ என்றெல்லாம் வருவது அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு. ஒரு கம்பெனியின் 2 இன்னொரு கம்பெனியின் 1 ஆக இருப்பதை தினமும் பார்க்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி பொதுவான சட்டம் எதுவும் இதற்குக் கிடையாது.

மூன்றாம்ஸ்லிப்:
அண்ணே, அழகு மட்டும்தான் என்றால் இவ்வளவு விலை வித்தியாசம் எதற்கு? உலகம் முழுக்க முட்டாள்களா?

பேட்டாஸ்பத்திரி:
முத்துச் சம்பா அரிசிக்கும் உடைந்த குருணைக்கும் விலை வித்தியாசம் இருக்கிறதே, பசி தீருவதில் வித்தியாசம் உண்டா? சுத்தமான கிளெஃப்ட் குறைவாகத்தான் கிடைக்கும், கேட்கிறவர்கள் நிறைய. அவ்வளவுதான் விலை. அதற்காக கிரேடே பொய் என்று சொல்லவில்லை. முகத்தில் பெரிய கணு இருந்தால் அந்த இடத்தில் மரம் வேறு மாதிரி ஓடும், அடி வாங்கினால் அங்கேதான் முதலில் பிளக்கும். கோடு சாய்ந்து விளிம்பில் போய் வெளியேறினால் விளிம்பு செதிலாகப் பெயரும். இதையெல்லாம் கிரேடு பிடித்துவிடும். பந்து பறக்குமா என்பதை மட்டும் அது பிடிக்காது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் அப்பா ஆசாரி. கதவு நிலை செய்ய மரம் பார்க்கப் போனால் சேகு, அதாவது நடுவில் நிறம் ஏறிய வைரம், எவ்வளவு என்றுதான் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் ‘இது வெளிறு, புழு தின்னும்’ என்று தள்ளிவிடுவார். வைரம் பாய்ந்த கட்டை என்று மனிதரையே புகழ்கிற ஊர் இது. பேட் தொழிலில் அப்படியே தலைகீழ்! வெள்ளைக்குத்தான் மரியாதை, சேகு தெரிந்தால் கிரேடு இறங்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிவப்பு பேட்டைப் பார்த்து ‘அடடா, நல்ல சேகு’ என்று சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எசெக்ஸ்_குணா:
வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இருபது வருசமாக இங்கே இங்கிலாந்தில், எசெக்ஸில் இருக்கிறேன். ஞாயிறு லீக்கில் கீப்பராக நின்று முழங்காலைத் தொலைத்தவன். அண்ணை சொன்ன சிவப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஆடுகிற ஒரு மைதானத்துக்குப் பின்னால் வாய்க்கால், அதை ஒட்டி பேட் வில்லோ வரிசையாக நிற்கிறது. இந்த மரத்துக்கு ஈரம் வேண்டும், ஆனால் தேங்கி நிற்கிற தண்ணீர் ஆகாது, ஓடுகிற தண்ணீர் பக்கத்தில் இருந்தால் நல்லாக வரும். எசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் பக்கம்தான் இது நிறைய. கிரேட் லீஸ் என்ற ஊரில் ஜே. எஸ். ரைட் என்று ஒரு குடும்பம் 1894 முதல் இதையே செய்கிறது, உலகத்தில் பெரும்பாலான பேட் கம்பெனிகளுக்குக் கிளெஃப்ட் போவது அங்கே இருந்துதான். எல்லா வில்லோவும் பேட்டுக்கு ஆகாது, வெள்ளை வில்லோவில் சிரூலியா என்ற ஒரு வகைதான்.

விதை போடுவதில்லை, பெரிய மரத்தில் இருந்து வெட்டின நீளக் கம்பை நடுகிறார்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய பத்து மீட்டர் இடைவெளி. முதல் சில வருசம் ஒருவர் வந்து அடிமரத்தில் முளைக்கிற மொட்டுகளைக் கையால் தேய்த்து விடுவார். நான் முதலில் பார்த்தபோது மரத்துக்கு மசாஜ் செய்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மொட்டை விட்டால் கிளையாகும், கிளை விட்ட இடம் கணுவாகும், கணு வந்தால் கிரேடு போச்சு. உங்கட 22,500 ரூபாய் பேட்டின் சுத்தமான முகம் பதினைந்து வருசத்துக்கு முந்தி யாரோ ஒருவரின் கட்டைவிரல் வேலை, ராகவன்.

பதினைந்து முதல் இருபது வருசத்தில் வெட்டுவார்கள். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 56 முதல் 60 அங்குலம் வர வேணும். விழுத்தினவுடன் 28 அங்குலத் துண்டுகளாக அறுப்பார்கள், பிறகு ஆப்பு வைத்து மரத்தின் நடுவிலிருந்து வெளியே நோக்கிப் பிளப்பார்கள், கேக் வெட்டுவதுபோல. வாளால் அறுத்தால் நார் குறுக்கே அறுபடலாம், பிளந்தால் மரம் தன் வழியில் தானே பிரியும். இரண்டு முனையையும் மெழுகில் முக்கி எடுப்பார்கள், இல்லாவிட்டால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். அதுக்குப் பிறகு காற்றிலும் சூளையிலும் மாதக்கணக்கில் காய்ந்து, ஈரம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு வரும்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன். பேட்டின் முகம் மரப்பட்டையைப் பார்த்த பக்கம் இல்லை. பிளந்த பக்கம்தான் முகம். அதனால் பேட்டின் ஒரு விளிம்பு மரத்தின் வெளிப்புறம், மற்ற விளிம்பு மரத்தின் நடுவைப் பார்த்தது. நடுமரம் சிவப்பு. அதுதான் ஒரு விளிம்பில் மட்டும் சிவப்பு ஓடுகிறது. டோவைத் திருப்பிப் பாருங்கோ, கோடுகள் முகத்திலிருந்து முதுகு வரை நேராகக் குறுக்கே போகும்.

ராகவன்_கோவை:
குணா அண்ணா, பேட்டைத் தலைகீழாகத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது! இத்தனை வருடம் ஆடியும் முகம் பட்டை பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். மனைவி வந்து ‘பேட்டுக்கு என்ன ஜுரமா’ என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

மூன்றாம்ஸ்லிப்:
குணா கொடுத்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டேன், என் வாயை நானே அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, இருந்தாலும் போடுகிறேன்.

சுற்றளவு 58 அங்குலம் என்று வைத்தால் ஆரம் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல். ஒரு கோடு என்பது ஒரு வருட வளர்ச்சி. பேட்டின் அகலம் அதிகபட்சம் 4.25 அங்குலம், அது விதி. மரம் பதினைந்து வருடத்தில் அந்த அளவுக்கு வந்திருந்தால் வருடத்துக்கு சுமார் 0.6 அங்குலம், அப்போது முகத்தில் ஏழு கோடு. இருபது வருடம் எடுத்திருந்தால் ஒன்பது. முப்பது வருடம் மெதுவாக வளர்ந்த மரம் என்றால் பதினான்கு. எல்லா வருடமும் ஒரே மாதிரி வளராது என்பது தெரியும், தோராயக் கணக்குதான்.

அதாவது கிரெயின் எண்ணிக்கை சொல்வது மரம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை மட்டும். ராகவன் பேட் இருபது வயது மரம், அவ்வளவுதான். ‘ஆறுக்குக் கீழே தொடவே கூடாது’ என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று, நெருக்கமான கோடு உள்ள பேட் சீக்கிரம் திறந்துகொள்கிறது, அதாவது வாங்கின கொஞ்ச நாளிலேயே நன்றாக அடிக்கிறது என்பதை என் கையால் உணர்ந்திருக்கிறேன். அதை விட மாட்டேன்.

பேட்டாஸ்பத்திரி:
அதை விட வேண்டாம் தம்பி, அது சரிதான். பத்துப் பன்னிரண்டு கோடு உள்ளது முதல் வாரத்திலேயே பேசும். ஆனால் என் ஆஸ்பத்திரிக்கு முதலில் வருவதும் அதுதான். அகலக் கோடு உள்ளது முதலில் சோம்பேறியாக இருக்கும், ஒரு சீசன் ஆடிய பிறகு சுறுசுறுப்பாகும், ரொம்ப நாள் உழைக்கும். கடையில் நின்று யாரும் ஒரு சீசன் காத்திருக்கப் போவதில்லை, அதனால் நெருக்கக் கோட்டுக்கு மவுசு.

டென்னிஸ்பால்_முத்து:
என் மாமா மாதிரி. முப்பத்தைந்து வயது வரை சோம்பேறி.

கீப்பர்_அம்மா:
நான் கிரிக்கெட் ஆடியதில்லை, மன்னிக்கவும். திருச்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, விக்கெட் கீப்பர், பள்ளி அணியில் இப்போது லெதர் பால் ஆரம்பித்திருக்கிறார்கள். காஷ்மீர் வில்லோ போதும் என்று ஒருவர் சொல்கிறார், இங்கிலீஷ்தான் வேண்டும் என்று கோச் சொல்கிறார். கடையில் காஷ்மீரிலும் கிரேடு 1, கிரேடு 2 என்று எழுதியிருக்கிறது. இரண்டு கிரேடு 1-ம் ஒன்றா?

சங்கம்வரைபோனவன்:
அம்மா, ஒன்று இல்லை. காஷ்மீர் கிரேடு 1 என்றால் காஷ்மீர் மரத்துக்குள் நல்லது, அவ்வளவே.

நான் போன வருடம் பைக்கில் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் போனேன். அனந்த்நாக் மாவட்டத்தில் சங்கம் என்று ஓர் ஊர். பெயரைப் பார்த்ததும் மதுரைக்காரனான எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. அங்கே சாலையின் இரண்டு பக்கமும் கிளெஃப்டுகளைச் செங்கல் சூளை மாதிரி இடைவெளி விட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள், காற்று உள்ளே புகுந்து காய. மைல் கணக்கில் அப்படித்தான். பக்கத்திலேயே பிஜ்பெஹாரா, இந்தியாவுக்கு ஆடிய பர்வேஸ் ரசூலின் ஊர்.

அங்கே ஒரு பட்டறைக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்தேன். காஷ்மீர் மரம் பொதுவாகக் கொஞ்சம் அடர்த்தி, கொஞ்சம் பழுப்பு, அதனால் அதே பருமனுக்கு எடை கூடும், எடையைக் குறைக்க வேண்டுமானால் செதுக்கி மெல்லிதாக்க வேண்டும். விளிம்பு பெருத்த பேட் வேண்டும் என்று கேட்கிற காலத்தில் அது அதற்குப் பாதகம். ஆனால் 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமான் வீரர்கள் காஷ்மீர் வில்லோவோடு இறங்கினார்கள், அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கவலையும் இருந்தது. வில்லோ நின்ற இடத்தில் எல்லாரும் பாப்லர் நட்டுவிட்டார்கள், அது சீக்கிரம் வளர்கிறது, பிளைவுட்காரன் வாங்கிக்கொள்கிறான், பதினைந்து வருடம் யார் காத்திருப்பது என்றார். கிளெஃப்டை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 2000-ல் சட்டமே போட்டார்கள், பேட்டாகச் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று.

நான் அங்கே ஒரு பேட் வாங்கினேன். அவர் எனக்கு எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? கிரேடு சீட்டைப் பார்க்கவே இல்லை. இருபது பேட்டை வரிசையாக வைத்து, ஒரு மரச் சுத்தியால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனார், பலாப்பழம் தட்டிப் பார்ப்பது போல. ஒன்றில் நின்று ‘இது’ என்றார்.

பேட்டாஸ்பத்திரி:
கீப்பர் அம்மாவுக்கு: பதின்மூன்று வயதில் பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கும், அடுத்த வருடம் சைஸ் மாற வேண்டும். வலைப்பயிற்சிக்கும் பள்ளி மேட்சுக்கும் நல்ல காஷ்மீர் பேட் ஒன்று போதும், எடை குறைந்ததாகப் பாருங்கள். எடைதான் முக்கியம், கிரேடு பிறகு. கையை நேராக நீட்டி ஒற்றைக் கையில் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லுங்கள், கை நடுங்கினால் அந்த பேட் வேண்டாம். கோச் இங்கிலீஷ்தான் என்று அடம் பிடித்தால் கிரேடு 3, கிரேடு 4 இங்கிலீஷ் பாருங்கள், சின்ன சைஸில் விலை குறைவாகவே கிடைக்கும். இங்கிலீஷ் கிரேடு 1 வாங்கினீர்கள் என்றால் அந்த வெள்ளையைப் பார்க்கிற சந்தோஷம் உங்களுக்கு, இரண்டு மேட்சில் சிவப்புப் பந்தின் செர்ரி கறை பட்டு எல்லாம் ஒரே நிறம்.

எசெக்ஸ்_குணா:
கறை என்றால் எல்லாக் கறையையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம். பட்டாம்பூச்சிக் கறையைப் பற்றிப் பழைய ஆட்கள் இங்கே நல்லபடிதான் சொல்கிறார்கள், அது உள்ள மரம் உறுதி என்று. ஆனால் நீர்க்கறை நோய் என்று ஒன்று இருக்கிறது, பாக்டீரியா. கோடை தொடக்கத்திலேயே ஒரு கிளையில் மட்டும் இலை செம்பழுப்பாகி வாடிவிடும், மரத்தை அறுத்தால் உள்ளே கறை வளையம். அந்த மரம் பேட்டுக்கு உதவாது, நொறுங்கும். எங்கட மாவட்டத்தில் அதுக்கு ஆணையே உண்டு, பார்த்தால் வெட்டி எரிக்க வேணும், கவுன்சில் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அந்த மரம் கிரேடு போடுகிறவர் கைக்கே வராது.

மூன்றாம்ஸ்லிப்:
அப்படியானால் பெரிய வீரர்கள் எப்படி எடுக்கிறார்கள்? அவர்களுக்கு எல்லாம் பால் வெள்ளையில் பன்னிரண்டு கோடு என்றுதானே டிவியில் தெரிகிறது?

பேட்டாஸ்பத்திரி:
முதலில் ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள். நம்ம சென்னை எம்ஆர்எஃப் டயர் கம்பெனி. அந்த ஸ்டிக்கரோடு சச்சின் ஆடினார், லாரா ஆடினார், கோலி ஆடுகிறார். பேட்டைச் செய்கிற கை வேறு, ஸ்டிக்கர் வேறு. மீரட்டிலும் ஜலந்தரிலும் இருக்கிற கைகள் அவை, பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த தொழில்.

பெரிய வீரருக்கு எடுக்கும்போது முதல் தேடல் எடை. ஒரே அளவு கிளெஃப்ட் இரண்டைக் கையில் எடுத்தால் ஒன்று கனக்கும், ஒன்று லேசாக இருக்கும். லேசானதில்தான் பருத்த விளிம்பும் வைக்கலாம், எடையும் 1,200 கிராமுக்குள் நிற்கும். விளிம்பு 40 மில்லிமீட்டர், முகத்திலிருந்து முதுகு வரை தடிமன் 67 மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது என்று 2017-ல் விதி வந்ததே இந்தக் கூத்து எல்லை மீறிப் போனதால்தான். எடையில் சச்சின் ஒரு விதிவிலக்கு, அவர் 3 பவுண்டுக்கு மேல் தூக்கி ஆடினார், அதை நாம் பார்த்து ஆசைப்படக் கூடாது. எடைக்கு அப்புறம் தட்டிப் பார்ப்பது. அப்புறம்தான் கோடு, நிறம். புள்ளி விழுந்த பேட்டோடு ஊர் பெயர் சொல்கிற ஆட்கள் ஆடுகிறார்கள், ஸ்டிக்கர் மறைத்துவிடுகிறது.

அழுத்துவது என்று ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. வில்லோ மெத்தென்ற மரம் என்றேன் அல்லவா, இரும்பு உருளைக்குக் கீழே விட்டு முகத்தை அழுத்தித்தான் பந்து தாங்குகிற பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கூட அழுத்தினால் கல், பந்து சத்தம் போடும் ஆனால் போகாது. குறைய அழுத்தினால் நாலு பந்தில் குழி. ஒரே மரத்திலிருந்து வந்த இரண்டு கிளெஃப்ட் இரண்டு கையில் அழுத்தப்பட்டால் இரண்டு பேட். கிரேடு போட்டு முடித்து எத்தனையோ நாள் கழித்து நடக்கிற விஷயம் இது.

சரி, ராகவன், இப்போது உங்கள் கதைக்கு வருவோம். மூன்று கேள்வி. தராசில் வைத்தால் இன்று என்ன எடை? ஆடுவதற்கு முன்னால் சுத்தியால் தட்டிப் பதப்படுத்துவார்களே, அப்படி எவ்வளவு நேரம் தட்டினீர்கள்? எண்ணெய் எவ்வளவு பூசினீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

ராகவன்_கோவை:
இப்போது நிஜமாகவே பயமாக இருக்கிறது.

எடை: சமையலறைத் தராசில் 1,241 கிராம். வாங்கும்போது சீட்டில் 2 பவுண்டு 9 அவுன்ஸ், அதாவது 1,162 கிராம். கூடுதலாக ஒரு கிரிப் போட்டேன், முகத்துக்கு ஷீட் ஒட்டினேன்.

தட்டியது: கடையில் ‘மெஷினில் தட்டியாச்சு, நேராக மேட்சுக்குப் போகலாம்’ என்றார்கள். நான் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் தட்டினேன், கீழ்வீட்டுத் தாத்தா படியேறி வந்துவிட்டார்.

எண்ணெய்: லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். இவ்வளவு விலை கொடுத்தோமே என்று ஆறு கோட் அடித்தேன். டோவை ஓர் இரவு முழுக்க எண்ணெய்த் தட்டில் நிற்க வைத்தேன்.

டென்னிஸ்பால்_முத்து:
ஊறுகாய்!

பேட்டாஸ்பத்திரி:
ஓர் இரவு தட்டில் நிற்க வைத்தீர்களா! தம்பி, கிரேடு மேல் பழி போட வேண்டாம். டோவில் நார் முனை எல்லாம் வாய் திறந்து நிற்கும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போல எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் குடித்த மரம் கனக்கும், அடி மந்தமாகும். இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, துணியில் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி, ஹேண்டில் வந்து சேருகிற இடத்தில் படவே கூடாது, அவ்வளவுதான் வேண்டும். அதன் மேலேயே ஷீட்டையும் ஒட்டி மூச்சை அடைத்துவிட்டீர்கள்.

ஷீட்டைப் பிரியுங்கள். இரண்டாவது கிரிப்பைக் கழற்றுங்கள். நிழலில், காற்று வருகிற இடத்தில், படுக்க வைத்து மூன்று வாரம் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், கார் டிக்கியில் வைக்காதீர்கள், காய்ந்துபோனால் வெடிக்கும். அப்புறம் மேலட் என்கிற நல்ல மரச் சுத்தி வாங்கி ஐந்தாறு மணி நேரம், தினமும் பதினைந்து பதினைந்து நிமிடமாக, முதலில் மெதுவாக, விளிம்பை 45 டிகிரியில் சாய்த்து உருட்டி, தாத்தா தூங்கப் போவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். மெஷின் தட்டுவது முகத்தைத் தட்டும், விளிம்பைச் சரியாகத் தட்டாது.

இவ்வளவு செய்தும் உங்கள் நண்பர் பேட் அளவுக்கு வரும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். அவருடையது ஒரு நல்ல மரத்துண்டு, மூஞ்சியில் தழும்பு, அதனால் பாதி விலை. அவருக்கு அதிர்ஷ்டம்.

எசெக்ஸ்_குணா:
அண்ணை சொன்னதோடு ஒன்று. தமிழ்நாட்டுக் காற்றில் ஈரம் கூட, குறிப்பாகச் சென்னைப் பக்கம். மழைக்காலத்தில் பேட் தானாகவே சில கிராம் ஏறும். இங்கே நேர்மாறு, குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு வசந்தத்தில் எடுத்தால் முதல் பந்தில் பிளக்கும். எனக்கு ஒன்று அப்படிப் போனது, இன்னும் விளக்கு வைத்துக் கும்பிடாத குறைதான்.

ராகவன்_கோவை (ஏழு வாரம் கழித்து):
தகவல் சொல்ல வந்தேன். ஷீட்டும் கிரிப்பும் போனதில் 70 கிராம் கிட்டத்தட்ட இறங்கியது, காய வைத்ததில் ஐந்தாறு கிராம் மட்டும். எண்ணெய் உள்ளே குடித்தனம் வைத்துவிட்டது போல. ஆறு மணி நேரம் தட்டினேன், தாத்தாவுக்கு ஐபிஎல் பார்க்க ஆப் போட்டுக் கொடுத்து சமாதானம். பேட் இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. நடுவில் பட்டால் சத்தம் மாறிவிட்டது, ‘டப்’ போய் ‘டொக்’ வருகிறது. நேற்று ஒரு கவர் டிரைவ் எல்லையைத் தொட்டது. டோ பக்கம் மட்டும் இன்னும் மந்தம்தான், அதற்கு நானே பொறுப்பு.

ஓப்பனருடையது இன்னும் என்னுடையதை விட நல்ல பேட். இதை ஒப்புக்கொள்ள ஏழு வாரம் ஆனது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், ‘உன்னோடது பார்க்க நல்லா இருக்கு, நீயே வச்சுக்கோ’ என்கிறான்.

கீப்பர்_அம்மா:
நாங்களும் வாங்கிவிட்டோம். இங்கிலீஷ், கிரேடு 3, சைஸ் 6. ஏழெட்டு பேட்டைத் தட்டிப் பார்த்து மகளே எடுத்தாள், கடைக்காரர் கொஞ்சம் முறைத்தார். முகத்தில் பட்டாம்பூச்சிக் கறை இருக்கிறது, அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்றார், இவள் வேண்டாம் என்றுவிட்டாள். நாளைக்கு முதல் மேட்ச்.

பேட்டாஸ்பத்திரி:
நாளைக்கேவா? தட்டினீர்களா அம்மா?

கீப்பர்_அம்மா:
இரண்டு வாரமாக வீட்டில் யாரும் தூங்கவில்லை சார்.

பேட்டாஸ்பத்திரி:
நல்லது. டோவுக்கு ரப்பர் கார்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், காலையில் பிட்ச் ஈரமாக இருக்கும்.